பழைய காரின் பிறந்த நிறம்

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலோ டொக்கியார்ட் வீதியிலோ மாலை வேளையில் நின்றால், அறுபது வயதைத் தாண்டிய மொறிஸ் மைனர் கார் ஒன்று இன்றும் எப்போதாவது கடந்து செல்லும். அதன் நிறம் யாது என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விடை கூறிவிடுவான். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் என்ன நிறமாய் இருந்தது என்று கேட்டாலோ, அதன் உடையவரே சற்றுத் தயங்குவார். இவ்விரண்டாவது கேள்விக்கு விடை காணும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த கார். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. இலங்கைக்கு வந்தவை இத்தனை காலம் உயிர் பிழைத்திருப்பதற்குக் காரணம் நம் நாட்டின் பொருளாதார நிலையே. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது கிடையாத வீட்டிற் பழையதே பேணப்படும். வைத்தியரிடமிருந்து ஆசிரியருக்கும், ஆசிரியரிடமிருந்து வாடகைக்கு ஓட்டுபவருக்கும் அவை கைமாறின. தகடு அடிக்கும் தொழிலாளரின் கைத்திறனும் அதனால் வளர்ந்தது. 1990களில் இங்கிலாந்தில் ஓடும் மொறிஸ் மைனர்களுக்கே வேண்டிய தகட்டு உறுப்புகள் இலங்கையிற் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன என்றால், அத்திறமையின் அளவை நீங்களே உணரலாம்.

தகட்டை அடித்து ஒட்டிவிடலாம். நிறத்தை மீட்பதுதான் கடினம். திருகோணமலையில் மூன்று பகைகள் நிறத்துக்கு உண்டு. ஒன்று வெயில், அது தீந்தையின் மேற்பரப்பை வெளிறச் செய்து சுண்ணாம்புப் பொடிபோல் ஆக்கிவிடுகிறது. இரண்டாவது உப்புக் காற்று. அது தகட்டுக்கும் தீந்தைக்கும் இடையே துருவாகப் புகுந்து, நிறத்தைச் செதில் செதிலாக உதிர்க்கிறது. மூன்றாவது பகை மனிதனே. காரை வாங்கியவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஒரு நிறத்தைப் பூசிவிட்டார்.

பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். அதிலே பச்சை, சாம்பல் என்று பொதுப்பெயரே இருக்கும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் புத்தகமும் இல்லை, புகைப்படமும் இல்லை. புகைப்படம் தப்பியிருந்தாலும் அது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஆகவே எஞ்சியிருக்கும் ஒரே சாசனம் காரின் உடல்தான். அதனைச் சுரண்டித் தள்ளிவிட்டாற் பிறகு சாட்சி சொல்ல எதுவுமில்லை.

அந்தச் சாசனத்தை எவ்வாறு வாசிப்பது? 1950களின் நடுப்பகுதியில் வந்த கார்களாயின், முதலில் எந்திர அறையிலுள்ள சிறு உலோகத் தகட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ள மூன்று எழுத்துக்களில் மூன்றாவது எழுத்து நிறத்தைக் குறிக்கும். அவற்றைத் தொடரும் இரண்டு இலக்கங்களிற் பின்னது எவ்வகைத் தீந்தை என்பதைக் கூறும். ஆயினும் அந்த எழுத்து பச்சை என்று சொல்லுமேயன்றி எந்தப் பச்சை என்று சொல்லாது. கிளாரெண்டன் சாம்பல், ஆமண்ட் பச்சை, திராபல்கர் நீலம் என்றெல்லாம் தொழிற்சாலை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நிறங்களை வழங்கிற்று. தகடு குலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஆளைக் காண வேண்டுமாயின் வெயில் படாத இடங்களைத் தேட வேண்டும். கதவின் உட்புற அட்டையைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிய றப்பரின் கீழும், கருவிப் பலகையின் பின்புறத்திலும், பின்பெட்டியின் விரிப்புக்கு அடியிலும் பழைய நிறம் ஒளிந்திருக்கும். அவ்விடங்களில் இல்லையாயின், வெளிப்புறத்தில் ஒரு சிறிய இடத்தை மெல்லிய மணற் கடதாசியால் நீர் விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மரத்தின் வளையங்கள்போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தோன்றும். நடுவிலே தகடு, அதனைச் சுற்றி அடிப்பூச்சு, அதற்கு அடுத்த வளையமே பிறந்த நிறம். தேய்க்கும்போது நீரை மறக்கலாகாது. பழைய தீந்தையில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூசாக அது மூச்சிற் புகுதல் நன்றன்று.

நிறம் கிடைத்துவிட்டது, இனி அதனைக் கலக்க வேண்டும். இன்று தெறிக்கும் ஒளியை அளந்து கலவைக் குறிப்பைத் தரும் கருவி கொழும்பிலே மட்டுமன்றி வேறு நகரங்களிலும் உண்டு. அது பயனுள்ளதே. ஆனால் அக்கருவி தன்முன் வைக்கப்பட்டதையே அளக்கும். வெளிறிய கதவை வைத்தால் வெளிறிய நிறத்தையே உண்மையென்று கூறும். பழைய வெள்ளை பல காலம் இருளிற் கிடந்தால் மஞ்சள் பாய்வதும் உண்டு. எந்த இடத்தை அளப்பது என்று தீர்மானிக்கும் அறிவு மனிதனிடமே இருக்க வேண்டும்.

இன்னுமொரு சிக்கலுண்டு. வெயிலில் ஒன்றாய்த் தோன்றும் இரு தீந்தைகள் மின்விளக்கின் கீழ் வேறுவேறாய்த் தோன்றலாம். அவற்றின் வர்ணப் பொடிகள் வேறானவை என்பதே காரணம். அக்காலத்து மஞ்சளிலும் அதைக் கொண்டு கலந்த பச்சையிலும் ஈயக் குரோமேற்று பெரிதும் பயன்பட்டது. ஈயம் கட்டுப்படுத்தப்பட்ட இந்நாளிலே வேறு பொடிகளாற் கலக்க நேர்கிறது. எனவே மாதிரியை ஒரு தகட்டிற் பூசி, நன்றாக உலரவிட்டு, காலை நிழலிலும் நண்பகலிலும் விளக்கொளியிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும். ஈரமாயிருக்கையிற் கூறும் தீர்ப்பு பிழைத்துவிடும்.

ஒளி மாறினால் நிறம் மாறும் என்பதைக் கடற்படையினர் நன்கறிந்திருந்தனர். 1944ஆம் ஆண்டிலே கண்டியில் தலைமையகம் அமைத்திருந்த மவுண்ட்பேற்றன் பிரபு, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தம் போர்க்கப்பல்களுக்கு இளஞ்சிவப்புக் கலந்த சாம்பல் நிறத்தைப் பூசுவித்தார். அந்தி மங்கலில் அந்நிறம் கப்பலை மறைக்கும் என்பது அவர் கருத்து. ஆங்கிலேயக் கடற்படை 1957இல் நம் துறைமுகத்தை விட்டு நீங்கிற்று. உப்புக் காற்றுக்கு எதிரே நாள்தோறும் தீந்தை பூசும் வேலை இன்றும் இங்கே நீங்கவில்லை.

நேயர்களே, பழைய ஏட்டைப் பரிசோதித்துப் பதிப்பிப்பவரின் பணிக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டில் உள்ளது எது, பிற்காலக் கை சேர்த்தது எது என்று பிரித்தறிவதே அவருக்கிருந்த பெரும்பாடு. அழகாயிருக்கிறதென்று தாமாக ஒரு சொல்லை நுழைத்திருந்தால் நமக்குக் கலித்தொகை கிடைத்திராது. காரிலும் அவ்வாறே. பத்து இலட்சமாவது மொறிஸ் மைனரைக் கொண்டாடுமுகமாக 1961இல் இளஊதா நிறத்தில் 350 கார்கள் விற்பனைக்கு வந்தன. அந்நிறம் கண்ணுக்கு இனியதே. ஆயினும் சாம்பல் நிறத்திற் பிறந்த காருக்கு அதைப் பூசி அக்கூட்டத்தில் ஒன்றெனக் காட்டுவது பொய்ச் சாசனம் எழுதுவதாகும்.

உடையவர் தம் காருக்குத் தாம் விரும்பிய நிறத்தைப் பூச உரிமையுடையவரே. பிள்ளைகள் சிவப்பு வேண்டுமென்று அடம்பிடித்தால் சிவப்பே ஆகட்டும். நான் வேண்டுவது ஒன்றுதான். கதவின் உட்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கலந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, திகதியும் இட்டு, பதிவுப் புத்தகத்தோடு வையுங்கள். பூசும் தொழிலாளியை அவசரப்படுத்தாமல், மாதிரித் தகடு உலரும்வரை காத்திருந்து, அதற்குரிய கூலியையும் கொடுங்கள். நாளை அந்தக் காரைப் பெறப்போகும் பேரன், தன் பாட்டனார் எந்த நிறக் காரில் வீட்டுக்கு வந்தார் என்று கேட்கக்கூடும். அவனுக்கு விடை சொல்ல அந்த உள்ளங்கை அளவு போதும்.