முதற் கைவிசேடம் யாருக்கு?

(கொச்சிக்கடையில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டுக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வாழ்த்துக் கூறி அமர்ந்துவிடலாமென்றே எண்ணியிருந்தேன். தலைவர் அவர்களோ, "வாழ்த்தை எல்லாரும் கூறிவிட்டார்கள், நீர் ஏதாவது உருப்படியாகப் பேசும்" என்று கட்டளையிட்டுவிட்டார். ஆகையினால் நாம் அனைவரும் அறிந்த ஒரு சிறு வழக்கத்தைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அது கைவிசேடம்.

மருத்துநீர் வைத்து நீராடி, புத்தாடை புனைந்து, கோயிலுக்குச் சென்று மீண்டபின், வீட்டுத் தலைவர் வெற்றிலையிலே காசு வைத்துப் பிள்ளைகளுக்கும் தம்மிடம் பணிபுரிவோருக்கும் கொடுக்கின்றார். பஞ்சாங்கம் அதற்கும் சுபவேளை குறித்துத் தருகின்றது. சிங்கள மக்களிடமும் இதே சித்திரையில், இதே வெற்றிலையுடன், இந்த வழக்கம் உண்டு. அவர்கள் அதனைக் கனுதெனு என்பர்; வாங்கலும் கொடுத்தலும் என்பது பொருள். கொடுக்கும் காசு சிறிது. ஆயினும், ஆண்டின் முதல் நாளிலே ஒருவர் தம்மை நினைத்துக் கை நீட்டினார் என்ற நினைவு வாங்கியவர் மனத்தில் நெடுநாள் நிற்கின்றது. அந்த முதற் கைவிசேடம் வீட்டுக்குள் இருப்பவரோடு முடிந்துவிட வேண்டுமா, வெளியே நிற்பவருக்கும் அதிலே பங்குண்டா என்பதுதான் இன்று நான் கேட்கும் கேள்வி.

அரசியல் மேடையிலே இதைப் பேசலாமா என்று நண்பர் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகின்றது. தலைமுறை தலைமுறையாக உரிமை கேட்டு நிற்கும் இனத்திடம் தயவைப் பற்றிப் பேசுவது, பசித்திருப்பவனிடம் தாம்பூலத்தைப் பற்றிப் பேசுவது போலாகாதா என்பர். நியாயமான கேள்வி. தயவு உரிமைக்கு ஈடாகாது. ஈடாகுமென்று எவரேனும் கூறினால் அவரோடு வழக்காட நானே முதலில் எழுந்து நிற்பேன். ஆனால் உரிமை வந்து சேர எடுக்கும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிற்று. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன் ஒழுங்குவிதிகளுக்கு 1966 வரை காத்திருந்தோம். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் கூறியது 1987இல். முப்பத்தொரு ஆண்டுகள்! அதற்குப் பின்னும், கிளிநொச்சியிலிருந்து வந்து கொழும்பிலே ஒரு கருமபீடத்தின் முன் நிற்கும் விவசாயியிடம் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவம் நீட்டப்படுவதைக் கண்டவர்கள் இச்சபையில் பலர் இருக்கின்றீர்கள்.

அவர் முறையீடு செய்யலாம். 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கின்றது. முறையிடுங்கள் என்றே என் தொழில் எனக்குச் சொல்லித் தருகின்றது. ஆனால் அந்த முறையீடு விசாரணைக்கு வருவதற்கு வெகு முன்னரே அன்று மாலைப் புகைவண்டி புறப்பட்டுப் போய்விடும். பக்கத்திலே நிற்கும் இருமொழி அறிந்த ஒருவர் அப்படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடாதவர் மேடையேறி மொழியுரிமை முழங்குவாரானால், அந்த விவசாயி அதனை எந்தக் காதால் கேட்பார்?

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தையே பாருங்கள். கொச்சியிலிருந்து வந்தோரை நினைவூட்டும் பெயர் இதற்கு. ஒரு பக்கம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில். மற்றப் பக்கம் அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரில் கத்தோலிக்கர் எத்தனை பேர், சைவர் எத்தனை பேர், பௌத்தர் எத்தனை பேர் என்று பிரித்தறிவது அந்தோனியாருக்கே கடினம். அப்பாலே துறைமுகம். 1958இலும் 1983இலும், வீடிழந்த தமிழர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனது அத்துறைமுகத்திலிருந்துதான். அவ்வாறு போனவர்களில் பலர் உயிரோடு கப்பலேறியதற்குக் காரணம், அயல்வீட்டுச் சிங்களவர் ஒருவர் ஓரிரவோ ஈரிரவோ தம் அறையிலே அவர்களை ஒளித்துவைத்ததாகும். அந்நாட்களில் அரசு காக்கவில்லை; சட்டமும் உறங்கிற்று; கதவைத் திறந்த அயலவர் காத்தார். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

சட்டம் விழித்திருந்த ஒரு நாளையும் கூறவேண்டும். 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர், கடவுச்சீட்டுக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் என்ற பேதமில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றத்தின் வாசலைத் தட்டினால் அது திறக்கக்கூடும் என்பதற்கு இதனை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் இன்னொன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அந்த விடுதிகளைச் சுற்றி நம்மவர் மாடிவீடுகள் எத்தனை இருந்தன! ஊரிலிருந்து வந்தவரை, "இரண்டு நாள் இங்கே தங்கும்" என்று அழைத்த வீடுகள் எத்தனை? பொலிஸ் பதிவுக்கு அஞ்சினோம் என்பது உண்மை. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சமில்லாத இக்காலத்திலும் அக்கதவுகள் திறந்திருக்கின்றனவா என்பதை அவரவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்க.

2019ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஏழாம் நாள், ஏப்பிரில் 21, உயிர்த்த ஞாயிறு. இத்தெருவிலே என்ன நடந்ததென்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாடெங்கும் அன்று மாண்டவர் 250க்கும் மேற்பட்டோர். அன்று இரத்த வங்கியின் வாசலிலே வரிசையாக நின்றவர்களை எவரும் என்ன இனம் என்று கேட்கவில்லை. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும், குற்றமேதும் செய்யாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவ்வாரங்களில் வழக்கமான முஸ்லிம் கடையிலே வழக்கம்போலச் சாமான் வாங்கியவர் பெரிய வீரச் செயலெதுவும் செய்யவில்லை. ஆனால் அக்கடைக்காரர் அவர் முகத்தை மறந்திருக்கமாட்டார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியதைக் கண்ட நாம், இந்த விடயத்திலே பிறருக்குப் பாடம் சொல்லுமுன் சற்றே தலைகுனிந்து நிற்கக் கடமைப்பட்டவர்கள்.

நம்மவர் நிமிர்ந்து நின்ற ஒரு நாளையும் சொல்லிவிடுகின்றேன். 2022இலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வீதியோரத்திற் காவல் கிடந்தோம். முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடையினால் விளைச்சல் குன்றிய விவசாயி, உண்பதற்கே அரிசி தேடினான். ஈழத் தமிழருக்கு உணவும் மருந்தும் அனுப்பத் தமிழக அரசு முன்வந்தது. அப்போது இங்குள்ள தமிழ்த் தலைவர்கள், தமிழருக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பவேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டதை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டசபையிலேயே எடுத்துரைத்தார். மே 22ஆந் திகதி முதற் கப்பல் வந்தது: 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து. எந்தத் துறைமுகத்திலிருந்து நம்மை அகதிகளாக ஏற்றினார்களோ, அதே துறைமுகத்திலே, சிங்களக் குழந்தைக்கும் சேர்த்துப் பால்மா வந்திறங்கிற்று. நம் அரசியல் வரலாற்றிலே இதனை நான் ஒரு பெரிய வெற்றியாக மதிக்கின்றேன். தேர்தலிலே இதற்கு வாக்குக் கிடைத்திராது. அது வேறு கதை.

இனி நம் சொந்த வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றிக் கொடுத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின்னும், 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் வழிபட வந்தோர் மறிக்கப்பட்டனர். மறித்தவர் சிங்களவர் அல்லர். இன்று கடையிலே போத்தல் இல்லை. கோயில்களும் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. ஆனால் புத்தாண்டன்று கைவிசேடம் வாங்க வருபவரைப் படலைக்கு வெளியே நிறுத்திக் காசைக் கொடுத்தனுப்பும் வீடுகள் இல்லையென்று சத்தியக் கடதாசி முடிக்க உங்களில் எத்தனை பேர் ஆயத்தம்? காசு கொடுப்பது பெரிதன்று, ஐயா. விறாந்தையிலே கதிரை போட்டு இருத்தி, வீட்டார் குடிக்கும் அதே கோப்பையிலே தேநீர் கொடுங்கள். எந்தச் சட்டமும் உங்கள் விறாந்தைக்குள் வந்து இதனைச் செய்விக்க முடியாது. அதனாலேயே அது உங்கள் கையில் இருக்கின்றது.

வெள்ளவத்தை வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சமையலறையில் நிற்கும் பெண் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்தவள். புத்தாண்டன்று எல்லாருக்கும் விடுமுறை; விருந்தினர் வருவதால் அவளுக்கு மட்டும் வேலை இரட்டிப்பு. அவளுக்கும் தாய் உண்டு. ஹற்றனுக்கும் புகைவண்டி உண்டு. நான்கு நாள் விடுமுறையும் வழிச்செலவும் கொடுத்து அனுப்பினால் நம் இல்லத்தரசிகளும், அவர்களிலும் முக்கியமாக நம் இல்லத்தரசர்களும், அந்நான்கு நாளிற் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

என் தொழிலுக்கும் நான் விதிவிலக்குக் கேட்கவில்லை. உறுதி முடிக்கும் நொத்தாரிசு, எழுத்தறியாதவர் கையொப்பமிடுமுன் அதனை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். விளங்கப்படுத்தியதாக ஒவ்வோர் உறுதியின் அடியிலும் அத்தாட்சி எழுதுகின்றோம். மந்திரம் ஓதுவது போல ஓதி முடித்தாலும் அந்த அத்தாட்சி அங்கே இருக்கும். பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து, "ஐயா, இன்ன காணியை இன்னாருக்கு எழுதுகின்றீர்; சீவிய உரித்து உமக்கில்லை; சம்மதந்தானா?" என்று அவருக்கு விளங்கும் தமிழிலே கேட்டால், பிற்காலத்து வழக்குகள் எத்தனையோ குறையும். நம் வருமானமும் குறையும், அதைத் தாங்கிக்கொள்வோம். வைத்தியர்களும் மருந்தை எப்போது, எத்தனை முறை என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கு நடக்கும் அநியாயத்தை அறிவேன். யாழ்ப்பாணச் சந்தைகளிலே நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோ "கழிவு" என்று வெட்டுவதை எதிர்த்து நீங்கள் பல ஆண்டுகள் முறையிட்டிருக்கின்றீர்கள். அந்த முறைப்பாட்டில் நாங்கள் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் தோட்டத்திலே வெங்காயம் பிடுங்க வரும் பெண்ணுக்கு ஆண்கூலியிலும் எவ்வளவு குறைத்துக் கொடுக்கின்றீர்கள்? அதுவும் கழிவுதானே! அன்றைய கூலியை அன்று பொழுதுபடுமுன் கொடுக்கின்றீர்களா, "நாளைக்கு வா பிள்ளை" என்கின்றீர்களா?

நான் அதிக நேரம் எடுத்துவிட்டேன். தலைவர் மணியைப் பார்க்கின்றார். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தின் முன்விறாந்தையிலே ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் போட உரியவர்கள் சம்மதித்திருக்கின்றனர். விடுமுறை கழிந்து கந்தோர்கள் திறக்கும் நாளிலிருந்து, வாரத்தில் இரு காலைப் பொழுதுகள், ஊரிலிருந்து வருவோருக்குப் படிவம் நிரப்பவும் கடிதம் வாசித்துச் சொல்லவும் இருமொழி அறிந்தவர்கள் தேவை. இனம் கேட்கப்படமாட்டாது, காசு வாங்கப்படமாட்டாது. முதற் காலைக்கு நான் வருகின்றேன். இன்னும் மூவர் வேண்டும். போகும்போது செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.