ஒரு தாலந்து
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒன்றே பெற்றவன் நம்மைப் போன்றவன் என்று எண்ணியும் பழகிவிட்டோம். அந்த ஒன்றின் மதிப்பு யாது? தாலந்து என்பது வெள்ளியின் நிறை; ஏறத்தாழ 6,000 தெனாரியம். கூலியாள் ஒருவனின் ஒருநாள் ஊதியம் ஒரு தெனாரியம். ஆகவே அவன் மண்ணில் புதைத்தது ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு! புதைத்ததற்கு அவனே சொல்லும் காரணம் அச்சம்.

நமது அச்சத்திற்கும் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான நம்மவரைப் பட்டியல் சாதியினின்று விலக்கியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. ஆலயத்திற்குள்ளேயே சாதி பார்ப்போரைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால், "உள்ளதைக் கொண்டு அடங்கியிரு" என்பார்க்கு இவ்வுவமை துணை நிற்காது. பறிக்கப்பட்டது வேறு, அருளப்பட்டது வேறு. கைம்பெண்ணின் இரு காசுகளை வியந்த இயேசு, அதற்கு முன்னரே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைக் கடிந்தார். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இரண்டும் அடுத்தடுத்தே உள்ளன. பறிக்கப்பட்டதற்குப் போராடுவோம், அருளப்பட்டதைப் புதையாதிருப்போம்.

நம் அன்னையர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்துத் திருச்சபைகளைத் தாங்கினர். பள்ளியிறுதி முடித்தோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது கணக்குச் சொல்லிக்கொடுக்க இயலாதா? செயலாளரிடம் ஏடு இருக்கின்றது. கலைந்து செல்லுமுன் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.