திகதி குறித்து வரும் தலைப்பிள்ளை

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவோரம் நிற்கிற ஆம்பளைகள் உள்ளே வந்து உட்காருங்க. இன்றைக்குப் பேசப் போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கிளினிக் நாளில் டிஸ்பென்சரி வாசலில் நின்றால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "தலைப்பிள்ளைக்கே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, திகதியும் குடுத்துட்டாங்க." சொல்கிற பிள்ளையின் முகம் வாடிப் போயிருக்கும். பக்கத்தில் நிற்கிற மாமியார், "நாங்கெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னவங்க, வலி வந்ததும் லயத்துக்கு நடந்து வந்து பெத்துப் போட்டோம்" என்பார். அதில் பெருமையும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது. அந்தக் குத்தல்தான் எனக்குப் பிடிக்காதது. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தால் அவள் பிள்ளை பெறவில்லை என்று எந்தச் சாத்திரத்தில் எழுதி இருக்கிறது?

நம்முடைய கீழ்க்கணக்கு லயத்துப் பிள்ளை ஒன்று கலியாணம் கட்டிச் சாவகச்சேரிப் பக்கம் போனது உங்களில் பல பேருக்குத் தெரியும். அவளுக்குத் தலைப்பிள்ளை கடைசி மாதத்திலும் தலை திரும்பாமல் குந்திய மாதிரியே இருந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் திகதி குறித்தார்கள். இங்கே இருந்து தாய்க்காரி அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அங்கே போய்ப் பார்த்தால் சம்பந்தி வீட்டில் யாரும் அழவில்லையாம். தைலமும் துணியும் அடுக்கி, யார் ஆஸ்பத்திரியில் நிற்பது, யார் சமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். "நம்ம சனம் சாவு வீடு மாதிரி இருக்கும்போது, அவங்க மட்டும் எப்படிங்கையா அப்படி?" என்று திரும்பி வந்து என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு யாழ்ப்பாணத்துக் கதையைக் கொஞ்சம் எடுத்து வந்திருக்கிறேன்.

அங்கேயும் ஒரு காலத்தில் பயம் இருந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. உலகம் முழுக்கவே அந்தக் காலத்தில் வயிற்றை வெட்டினால் தாய் பிழைப்பது அருமை. கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவார்கள். இரத்தம் போயும் சீழ் பிடித்தும் தாய் போய்விடுவாள். 1882இல் ஜெர்மனியில் சாங்கர் என்ற டொக்டர், கர்ப்பப்பையையும் தைத்து மூட வேண்டும் என்று காட்டின பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. கிருமி கொல்லும் மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் அதற்கும் பிறகு வந்தவை. ஆகவே நம்முடைய பாட்டிமார் பயந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. அவர்கள் காலத்துக்கு அது சரி. இந்தக் காலத்துக்கு அது பொருந்தாது.

யாழ்ப்பாணத்துக்கு 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அங்கே இன்றைக்கும் அவர் பேரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. வைத்தியம் பார்த்த வெள்ளைக்காரர் பல பேர். இவர் செய்த காரியம் வேறு. வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மவுன்செல் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய பிரசவ வைத்திய நூல், இவருடைய முயற்சியால் 1857இல் தமிழில் வெளிவந்தது. யோசித்துப் பாருங்க. நம்முடைய முன்னோர் கோப்பிக் காட்டுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அங்கே பிள்ளைப்பேற்றைப் பற்றித் தமிழில் அச்சடித்த புத்தகம் இருந்தது. பிறகு 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் ஆஸ்பத்திரி திறந்தார்கள். இசபெல்லா கர் என்ற டொக்டரம்மா அங்கே நீண்ட காலம் வேலை செய்தார். பெண்ணைப் பெண் பார்க்கிறாள், பேசுவது விளங்குகிறது என்றதும் சனம் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிப் படி ஏறியது. பயம் தெளிந்தது ஒரே நாளில் இல்லை. விளங்கின அளவுக்குத் தெளிந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது சந்தோசமான காரணம் இல்லை. யுத்த காலத்தில் அந்தச் சனம் பிரசவ வலியை எப்படிச் சந்தித்தது என்று கேட்டுப் பாருங்க. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு. வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. ஊரடங்கு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நெரிசலில் நிறைமாதக்காரிகளும் நடந்தார்கள். வலி எப்போது வரும், எங்கே வரும், யார் இருப்பார் என்று தெரியாமல் பிள்ளை பெற்ற சனத்துக்கு, "இன்ன திகதிக்குக் காலையில் வாங்க, டொக்டரும் இருப்பார், இரத்தமும் இருக்கும்" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம்! அதுதான் அந்தச் சம்பந்தி வீட்டில் யாரும் அழாததற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நமக்கும் அது பொருந்தும். இரண்டு மணி இரவு, பனி மூட்டம், மேல்கணக்கு லயம். லொறி டிரைவரைத் தட்டி எழுப்பி, வளைவு வளைவாக இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். அவசர ஆபரேஷனுக்கும் திகதி குறித்த ஆபரேஷனுக்கும் வித்தியாசம் அதுதான். கத்தி ஒன்றுதான். ஆனால் ஒன்றில் தாயும் பிள்ளையும் களைத்து, ஆபத்தின் விளிம்பில் போகிறார்கள். மற்றதில் நடந்து போய்க் கட்டிலில் ஏறுகிறாள்.

யாருக்குத் திகதி கொடுக்கிறார்கள்? பிள்ளை குறுக்கே கிடந்தால், சில வேளை குந்தியிருந்தால், நச்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால். இந்தக் கடைசிக் காரியத்தில் விளையாட்டே வேண்டாம். வலி வரும் வரைக்கும் லயத்தில் இருந்தால் தாய் இரத்தம் போயே சாகலாம். கர்ப்பிணிப் பதிவட்டையில் மிட்வைஃப் அம்மா உங்கள் உயரத்தை எழுதுகிறாரே, அது எதற்கு? 145 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தாய்க்கு இடுப்பெலும்பு ஒடுக்கமாக இருக்கலாம், கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு. நம்முடைய தோட்டங்களில் உயரம் குறைந்த பிள்ளைகள் அதிகம். அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன் என்று அர்த்தம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் என்பது ஆபரேஷன்தான். இரத்தம் கூடப் போகும், காயத்தில் சீழ் வைக்கலாம், அடுத்த பிள்ளைக்கும் கவனம் வேண்டும். தேவையில்லாமல் கேட்டு வாங்குகிற காரியம் இல்லை. இன்றைக்கு இலங்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளையாவது இப்படித்தான் பிறக்கிறது. இது கூடிப் போச்சு என்று டொக்டர்மாரே பேசிக்கொள்கிறார்கள். ஆகவே "ஏன் எனக்கு?" என்று கேட்பது உங்கள் உரிமை.

இங்கேதான் நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெரிய வித்தியாசம். அங்கே டொக்டர் சொல்வதும் தமிழ், நேர்ஸ் சொல்வதும் தமிழ். நம்முடைய பிள்ளைகள் பல பேர் மலைநாட்டு ஆஸ்பத்திரியில் விளங்காத பாஷையில் தலையாட்டிவிட்டு, வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையொப்பம் வைக்கிறார்கள். அது வேண்டாம். "தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த ஒருவரையாவது கூப்பிடச் சொல்லுங்க. நம்முடைய வைத்திய உதவியாளரிடமோ என்னிடமோ முதலே வந்து சொன்னால் எழுதித் தருவோம். என்ன காரணத்துக்கு ஆபரேஷன், எத்தனையாவது கிழமையில், மயக்க ஊசி எது, அடுத்த பிள்ளை சாதாரணமாகப் பிறக்க இடம் உண்டா, இவ்வளவும் கேட்கலாம்.

இன்னொரு பயமும் தோட்டத்தில் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயித்தை வெட்டும்போதே பிள்ளை பெறாமல் பண்ணிருவாங்களோ?" இரண்டும் வெவ்வேறு ஆபரேஷன். கருத்தடைக்கு உங்கள் சம்மதம் தனியாக வேண்டும். அப்படி ஒரு கடதாசி கையில் வந்தால், அது எதற்கு என்று கேட்காமல் கையொப்பம் வைக்காதீங்க.

இனி நல்ல நேரத்துக்கு வருகிறேன். மாமிமார் கோபிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் பார்க்காத வீடு குறைவு. நாங்களும் குறைச்சல் இல்லை. திகதி குறிக்கிறார்கள் என்றதும், "அந்த நட்சத்திரம் வேணாம், பத்து நாளைக்கு முந்தி எடுக்கச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேறு ஆபத்து இல்லாவிட்டால் 39 கிழமை முடிந்த பிறகு எடுப்பதுதான் நல்லது. அதற்கு முன்னால் எடுத்தால் பிள்ளையின் சுவாசப்பை முழுதாகத் தயாராகாமல், மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போக நேரும். யோகமான நட்சத்திரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதில் என்ன யோகம்? டொக்டர் கொடுத்த திகதிக்குள் எந்த மணி என்று நீங்கள் பார்த்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. டொக்டருக்கு இருக்கலாம்.

கையில் திகதி இருப்பதால் செய்யக்கூடியது நிறைய. பிரசவ லீவைத் திட்டமிடலாம். 12 கிழமை லீவில் பிரசவத்துக்கு முன் இரண்டு, பின் பத்து. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் அதே 12 கிழமைதான். இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளிக்காமல் விழுங்கி, இரத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மாத்திரை குடித்த கையோடு பிளேன்டீ குடிக்காதீங்க. தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. தேயிலையில் பிழைக்கிற நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான். வாகனத்துக்குச் சொல்லி வைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு இல்லை. ஆனால் போக வர, துணைக்கு நிற்பவர் சாப்பிட, கையில் கொஞ்சம் வேண்டும். சீட்டுக் காசை அந்த மாதத்துக்கு எடுத்து வையுங்க. ஆம்பளைகளே, பிள்ளை பிறந்த சந்தோசத்தில் அந்தக் காசு எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். திகதிக்கு முன்னால் வலி வந்தால், தண்ணீர் உடைந்தால், இரத்தம் பட்டால், திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே புறப்பட வேண்டும்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். "பசிக்கும்" என்று பாசத்தில் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிடாதீங்க. மயக்கத்தில் வாந்தி சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும், ஆனால் தாய் முழிப்பாகவே இருப்பாள். பிள்ளை அழுகிற முதல் சத்தத்தை அவளே கேட்பாள். சாவகச்சேரிப் பிள்ளை தாய்க்காரியிடம் சொன்னது அதைத்தான். "யாரோ இழுக்கிற மாதிரி இருந்திச்சும்மா, நோகல. பிறகு கத்துற சத்தம் கேட்டுச்சு."

ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். ஆபரேஷன் செய்தவளுக்குப் பால் வராது என்பது பொய். கொஞ்சம் பிந்தலாம், சப்பச் சப்ப வரும். சீனித்தண்ணி, தேன் ஒன்றும் வேண்டாம். அடுத்த நாள் எழும்பி நடக்கச் சொன்னால் நடக்கத்தான் வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும். நோவுக்கு மாத்திரை கேளுங்க, தருவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பத்தியம். யாழ்ப்பாணத்தில் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்துச் சரக்குக் கறி வைப்பார்கள், மீனும் போட்டு. நாம் காயம் அரைத்துக் கொடுக்கிறோம். அதில் பிழை இல்லை. பிழை எங்கே என்றால், "வெட்டின வயிறு, தண்ணி குடுக்காதே, முட்டை குடுக்காதே" என்பதில். காயம் ஆற முட்டை வேண்டும், பருப்பு, நெத்தலி, முருங்கை இலை வேண்டும். தண்ணீர் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் பாலும் குறையும், மலமும் இறுகும். தையல் மேல் கொதிதண்ணி ஊற்றுவது, எண்ணெய் பூசுவது, சாம்பல் போடுவது வேண்டவே வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சீழ், நாற்றம், கூடுதலான இரத்தப் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது கண்டாலும் உடனே டிஸ்பென்சரிக்கு வரணும்.

தண்ணிக் குடம், விறகுக் கட்டு, கொழுந்துக் கூடை, மூன்றும் ஆறு கிழமைக்கு வேறு யாராவது தூக்கட்டும். அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்க. அந்தப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும். முதல் ஆபரேஷன் எதற்குச் செய்தார்கள் என்று எழுதின கடதாசியைத் தொலைத்துவிடாதீங்க, அடுத்த தடவை டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் தாய்மாருக்கு மேல் செத்தார்கள். இப்போது முப்பதை ஒட்டி நிற்கிறது. லயத்தில் பெற்றுப் போட்டோம் என்று சொல்கிற மாமிமாரே, உங்களோடு கூடப் பெற்று, பிழைக்காமல் போனவர்களின் பெயர்களும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிளினிக் அட்டையோடு வரும் பிள்ளையோடு இனிமேல் நீங்களே கூட வாங்க. கேள்வி இருந்தால் இப்போது கேளுங்க. முதலில் மாமியார்மார் கேட்கட்டும், பிறகு அந்தக் கதவோரத்து ஆட்கள்.