பழவேற்காட்டில் பத்தாண்டு



நெடுவழி நடந்தவன் எல்லாம் உலகறிந்தவன் ஆகான். பல நூல் புரட்டியவன் எல்லாம் தன்னை அறிந்தவன் ஆகான். சென்ற இடத்தில் எவர் வாய்ச்சொல்லைக் கேட்டான், எம்மொழியில் கேட்டான் என்பதே நெடும்பயணத்தின் பயனை அளக்கும் கோல். இவ்வுண்மைக்குத் தமிழகத்தின் வடகிழக்கு எல்லையில் உள்ள பழவேற்காடு ஒன்றே போதிய சான்று.

ஏரி என்று வழங்கினும் பழவேற்காடு கடலோடு கலக்கும் உப்பங்கழி. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியாறும் நன்னீர் கொணர, கழிமுகத்தின் வழியே உவர்நீர் புக, இரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி இன்று ஆந்திர மாநிலத்துள் அடங்கும், தென்பகுதியே தமிழகத்தது. பழவேற்காடு என்னும் தமிழ்ப்பெயர் அயலார் நாவில் 'புலிக்காட்' எனத் திரிந்தது. புலிக்கும் அவ்வூருக்கும் உறவு ஏதுமில்லை. ஆயினும் அத்திரிபையே தமிழரும் தம் வாயால் வழங்குவது காண்க!

ஒல்லாந்து நாட்டு வணிகக் குழும்பார் 1613இல் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டைக்குச் சமயகுருவாக 1632இல் வந்தவர் ஆபிரகாம் உரோகேரியசு. 1642 வரை பத்தாண்டு அவ்வூரிலேயே வாழ்ந்தார். கோட்டையை அண்டி வாழ்ந்த பதுமநாபன் என்னும் பார்ப்பனரிடம் அமர்ந்து, சமயமும் வழக்கமும் வினவி வினவி எழுதிக்கொண்டார். இருவரும் உரையாடிய மொழி போர்த்துக்கீசியம். வடமொழிப் புலவர் பருத்திருகரியின் பாடல்களைப் பதுமநாபன் போர்த்துக்கீசியத்தில் விளக்க, உரோகேரியசு தம் தாய்மொழியில் வடித்தார். அவர் 1649இல் மறைந்தார். நூல் 1651இல் இலெய்டன் நகரில் வெளிவந்தது. மறைந்து கிடந்த அயற்சமயத்துக்குத் 'திறந்த வாயில்' என்பது அதன் பெயரின் கருத்து. 1663இல் செருமானியத்திலும் 1670இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. செருமானியப் பேரறிஞர் எர்டர் பருத்திருகரியை அறிந்தது அதன் வாயிலாகவே.

அவர் உழைப்பு பெரிது. அதனை மறுப்பார் இலர். கேட்டதைப் பொறுமையுடன் கேட்டார், கேட்டவாறே எழுதினார். ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்க்கரையில் பத்தாண்டு வாழ்ந்த ஒருவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது வடமொழிப் பாடல்! நூலின் இரு பகுதிகளும் பார்ப்பனரின் வாழ்வொழுக்கத்தையும் வழிபாட்டையும் விரிப்பன. திருக்குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் வீரமாமுனிவரால் இலத்தீனம் சேர்வதற்கு மேலும் எண்பதாண்டு அளவு கழிய வேண்டியிருந்தது. வாயில் திறந்தது மெய்யே. திறந்தது ஒரே வாயில். திறந்து வைத்தவர் காட்டியதையே வந்தவர் கண்டார்.

காணாத பக்கத்தில் இருந்ததென்ன? கோட்டையிலிருந்து கூப்பிடு தொலைவில் வலைஞர் குப்பங்கள் இருந்தன. போராலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்த மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றிய துறையும் அதுவே. மாந்தர் விற்கப்பட்ட கரையிலேயே அறநூல் மொழிபெயர்க்கப்பட்டது. படிப்பு கண்ணைத் திறக்கும் என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

வலைஞரிடம் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கும் பாட்டு முறையை அவர்கள் அறிக. மீன்பிடிக்கும் இடம் ஒவ்வொன்றும் 'பாடு' எனப்படும். எல்லா இடமும் ஒரே வளம் உடையதன்று; ஆகலின் ஊர் கூடிச் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்னார்க்கு இன்ன இடம் என்று முறைவைத்துக்கொள்வர். இன்று நல்ல பாடு பெற்றவன் நாளை மெலிந்த பாட்டுக்குப் போவான். வல்லவன் வளைத்துக்கொள்ளவும் எளியவன் வெறுங்கையோடு திரும்பவும் அதில் இடம் குறைவு. அம்முறைக்குள் சேர்க்கப்படாதோர் எழுப்பும் உரிமைக் கேள்வியும் உண்டு; அக்கேள்வியும் படிக்கப்பட வேண்டியதே.

'படு' என்னும் முதனிலை திரிந்து 'பாடு' ஆயிற்று. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, வலையில் விழும் விளைவும் மீன்பாடு, பங்கிட்ட இடமும் பாடு. உழைப்பு, துயர், பயன், முறை ஆகிய நான்கையும் ஒரு சொல்லுள் அடக்கியவர் ஏடெழுதாத வலைஞர். அச்சொல்லை அறியப் போர்த்துக்கீசியம் உதவாது. குப்பத்து மணலில் உட்கார வேண்டும்.

மணலில் உட்கார்ந்த அயலார் ஒருவரும் உண்டு. அதே கடற்கரையில் தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்தை எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியலிட்டார்; கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். ஒழுங்கும் கல்வியும் அற்ற மக்கள் இவர் என்னும் எண்ணத்தோடு வந்தவர், மொழியறிந்து நூல் படித்த பின் அவ்வெண்ணத்தை விட்டதாகத் தாமே எழுதினார். தம் சமயத்தை அவர் விட்டாரல்லர். மாற்ற வந்தவர் மாற்றவே முயன்றார். எனினும் தம் அறியாமையைத் தாமே கண்டுகொண்டார். தன்னை அறிதல் என்பது அதுவே. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை அச்சிட அவருடைய நாட்டுப் பெரியோர் விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. கண்டதைச் சொல்வோர்க்கு நேரும் தடை எந்நாட்டிலும் ஒன்றே போலும்!

ஈண்டு குறை காண வேண்டியது அயலாரிடம் மட்டுமன்று. அவர்க்குத் தமிழ் பிறமொழி. தமிழர்க்கு என்ன தடை? இன்று பழவேற்காட்டுக்குச் செல்லும் படித்த தமிழர் பூநாரைக் கூட்டத்தைக் காண்கின்றனர். ஒல்லாந்தர் கல்லறைகளில் செதுக்கிய எலும்புருவங்களை வியக்கின்றனர். பொழுது சாயுமுன் திரும்புகின்றனர். இறந்த ஒல்லாந்தரின் பெயரைக் கல்லில் படித்தவர், உயிரோடிருக்கும் வலைஞரின் சொல்லைக் கேட்டாரில்லை. சங்கப் பாட்டின் நெய்தல் திணையை ஏட்டில் ஓதித் தேர்ந்தவரும், அந்நெய்தல் மாந்தரிடம் காற்றின் பெயரைக் கேட்டதில்லை. வாடையும் கொண்டலும் கச்சானும் அவர் நாவில் இன்றும் உயிரோடு உலவுகின்றன.

அவ்வுயிர்க்கும் நெருக்கடி உண்டு. கழிமுகம் மணல் தூர்ந்து அடைபடும் காலங்களில் கடல்நீர் வரத்துக் குறைகிறது, மீன்வளமும் குன்றுகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெருந்துறைமுகங்கள் எழுந்துள்ளன. வலை காய்ந்தால் இளைஞர் கூலி தேடி வேறிடம் செல்வர். தொழில் போகும் வழியே சொல்லும் போகும். எந்த அகரமுதலியும் அதனைப் பின்னர் மீட்டுத் தராது.

ஆகலின் தமிழ் இளைஞரே! உலகெலாம் சுற்றுக, பன்மொழி நூல்களும் படிக்க. அதற்கு முன் சொந்தக் கரையில் ஒரு திங்களேனும் தங்குக. வலைகளின் பெயரையும் மீன்களின் பெயரையும் காற்றுகளின் பெயரையும் கேட்டு, சொன்னவர் சொன்னவாறே எழுதுக. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்தம் பெறுக. ஒல்லாந்தர் பத்தாண்டில் காணாது விட்ட அவ்வாயில் இன்னும் தாழிடப்படவில்லை.