பொதிய மலைக் காயும் காணி மக்களும்



சீன மருத்துவத்தில் சோர்வு நீக்கப் பயன்படும் ஜின்செங் வேரின் புகழை உலகம் அறியும். அதற்கு ஒப்பாகப் பேசப்பெறும் மூலிகையொன்று, நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே, அகத்தியர் பெயர் தாங்கிய பொதிய மலையில் வளர்கின்றது. அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை.

1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சியாளர் சிலர் அம்மலையேறினர். ஏற்றத்தில் அவர்கள் களைத்தனர். வழிகாட்டிகளாக வந்த காணி மக்களோ, சிறு காய்களை மென்றவண்ணம் தளராது நடந்தனர். அக்காய்களைத் தாமும் உண்டபின் அறிஞர்கள் ஊக்கம் பெற்றனர். செடியைக் காட்டுமாறு வேண்டியபோது காணியர் தயங்கினர். அது அவர்தம் குல இரகசியமன்றோ! தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி பெற்ற பின்னரே காட்டினர்.

பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சித் தோட்டத்தார், இச்செடியின் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். அதனைச் செய்யும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு 7 ஆண்டுகளுக்கு அளிக்கப்பெற்றது. உரிமைக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. இவற்றிற் பாதி காணியர்க்கு என முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் டாக்டர் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

எனினும் குறைகளும் உள. காணியர் அனைவரிடமும் இசைவு பெறவில்லை என்ற மனத்தாங்கல் எழுந்தது. காட்டுத் துறையின் தடையால் இலை சேகரிப்பும் தளர்ந்தது. அறக்கட்டளை கேரளக் காணியர்க்கே உரியது. மலையின் மறுபுறம் நெல்லையிலும் குமரியிலும் வாழ்வோரும் காணியரே அல்லரோ? எல்லைக்கோடு மனிதர் வரைந்தது. மூலிகையறிவோ அதற்கு முந்தியது.

அன்பர்களே, அறிவைத் தந்தவர்க்குப் பங்கு தருவது ஈகையன்று, கடனைத் திருப்புதல். இச்செடி இலங்கையிலும் வளர்கின்றது. ஆயினும் அதன் ஆற்றலை ஆராய்ச்சியுலகிற்கு உணர்த்தியவர் இக்காணி மக்களே. செடியைக் காடு தந்தது. அதை மருந்தென அறிந்தவர் மனிதர். ஆதலின் மருந்தின் பெயரை நம் குழந்தைகட்குக் கற்பிக்கும்போது, அதனைக் கண்டு காட்டியவர் பெயரையும் உடன் கற்பிப்போமாக.