கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும்!

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி அங்கேதான் இருக்கிறது. சுத்தமான பட்டு, சுமார் 12 அடிக்கு 8 அடி.

"என்னங்க, லைட்டே சரியில்லையே!" என்று செல்போன் டார்ச்சை அடித்துவிடாதீர்கள். பட்டுக்கு முதல் எதிரி வெளிச்சம்தான். சாயம் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். நூல் இற்றுப்போவது தெரியாது. இரண்டையுமே திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் பழைய துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று அருங்காட்சியகங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்தது ஈரம். கடற்கரைக் காற்று வேறு! காற்றுப்புகாத பேழைக்குள் சிலிக்கா ஜெல் வைப்பது அதற்காகத்தான்.

பழைய படைக்கொடிகளும் பெரும்பாலும் பட்டுதான். உங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தவரா? அவர் வைத்திருந்த கொடி பீரோவில் கிடந்தால் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மடித்த இடத்தில்தான் பட்டு முதலில் கிழியும். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் பிள்ளைகளோடு போங்கள். கண் பழக இரண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் கொடி நன்றாகவே தெரியும்.