வாய்ச்சொல் தாக்குதல் ஆகுமா?

(சாரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் செய்த பிரசங்கம்)



தவணை தவறிய ஒருவர் வீட்டு வாசலில் சங்கக் காரியதரிசி போய் நின்று பாக்கியைக் கேட்கிறார். வீட்டுக்காரர், "இனி இப்பக்கம் வந்தால் காலை ஒடித்து விடுவேன்" என்கிறார். காரியதரிசி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "என்னை அடித்தான்" என்று எழுதிக் கொடுக்கிறார். அடி விழவில்லை, அப்படி எழுதினால்தான் பிராதுக்குப் பலம் என்று யாரோ போதித்திருக்கிறார்கள். இவ்வழக்கத்தால் மெய்யான வழக்கே கெட்டுப் போகிறது. ஆகவேதான் இதைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

தாக்குதல் என்றால் உடம்பில் கை பட்டிருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எதிரில் நிற்பவர் தம்மேல் இதோ அடி விழப்போகிறது என்று அஞ்சும்படி கையை ஓங்கினாலே தாக்குதல்தான். கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் அப்படியே. ஆனால் வெறும் சொல் மாத்திரம் ஒருபோதும் தாக்குதல் ஆகாது. தடியைக் கையிலெடுத்து, "உன்னை அடிக்கப் போகிறேன்" என்றால், அச்செய்கைக்குச் சொல் பொருள் தருகிறது. அப்பொழுது குற்றம் உண்டாகலாம். 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு 351-வது பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையில் 130-வது பிரிவாக இருக்கிறது. தண்டனை மூன்று மாதம் வரை காவல், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சொல், செய்கையின் பொருளை மாற்றவும் கூடும். இங்கிலாந்தில் 1669-ல் ஒருவர் வாளின்மேல் கையை வைத்து, "நியாயாதிபதிகள் ஊரில் இராவிட்டால் இப்பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன்" என்ற கருத்துப்படப் பேசினார். அவர் அப்பொழுது தாக்க நினைக்கவில்லை என்பதை அச்சொல்லே காட்டிற்று என்று கோர்ட்டு கொண்டது.

அப்படியானால் வாயால் மிரட்டுகிறவன் தப்பித்துக் கொள்வானோ? இல்லை. அதற்குத் தனிக் குற்றம் உண்டு. புதிய சம்ஹிதையில் அதுவே 351-வது பிரிவு. (பழைய நம்பரையே நினைவில் வைத்திருப்போர் குழம்ப வேண்டாம்.) சிவில் வழக்கைக் கைவிடாவிட்டால் வீட்டைக் கொளுத்துவேன் என்பது சட்டத்திலேயே காட்டிய உதாரணம். இதற்கு இரண்டு வருஷம் வரை காவல் விதிக்கலாம். கொலை, கொடுங்காயம், தீ வைத்தல் என்று மிரட்டினால் ஏழு வருஷம் வரை. செல்போனில் வந்த மிரட்டலும் இதில் அடங்கும். ஆயினும் அச்சமூட்டும் கருத்து இருந்ததென்று காட்ட வேண்டும்; வெறும் சொற்கள் போதா என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-ல், பெங்களூர்ப் போக்குவரத்துப் போலீஸ் சம்பந்தமான ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. நம் சங்கத்தார், "பாக்கி கட்டாவிட்டால் வழக்குத் தொடுப்போம்" என்பது மிரட்டலாகாது. சட்டம் இடங்கொடுத்த காரியத்தைச் செய்வேன் என்பதில் குற்றமில்லை. "வீட்டில் புகுந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவோம்" என்பது வேறு!

இந்தியன் பீனல் கோடு இங்கே வந்தது 1963-ல்தான். அதற்கு முன் இந்தச் சாரத்தில் நம் பெரியோர் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தனர். அச்சட்டம் 1810-ல் ஏற்பட்டபொழுதே எழுத்தால் மிரட்டுவதை வாயால் மிரட்டுவதினும் கடுமையாகக் கருதிற்று. "இதைச் செய், இல்லாவிட்டால்" என்று நிபந்தனை வைத்த வாய்மிரட்டலையே தண்டித்தது. கோபத்தில் கொட்டும் சொல்லையும் காரியம் சாதிக்கச் சொல்லும் சொல்லையும் அது பிரித்தறிந்தது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இனி, செய்யவேண்டியது என்ன? மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி இவ்விரு குற்றங்களிலும் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் விசாரணை தொடங்க இயலாது. தகவலைப் புத்தகத்தில் பதிந்து, பிராதுக்காரரை மாஜிஸ்டிரேட்டிடம் போகச் சொல்வர். அவர்கள் கைவிட்டார்கள் என்று எண்ணி மனந்தளர்ந்து திரும்பி விடாதீர்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடியே, வசைமொழியானாலும் திருத்தாமல், அன்றே எழுதி வையுங்கள். அவர் எத்தனை அடி தூரத்தில் நின்றார், கையில் என்ன இருந்தது, யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேருங்கள். அடித்தான் என்ற சொல்லை, அடி விழுந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.